காய் இல்லாத குடோன்

போடியில் ஏலக்காய் குடோன்கள் வரிசையாக நின்ற தெருவை இப்போது பார்த்தால் அடையாளம் தெரியாது. லாரிக்கு லோடு ஏற்றிய இடத்தில் காபிக்கடை. மூணாறு போகிறவர்கள் காரை நிறுத்திக் கல்சுவரோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். மாடிகளைத் தடுத்து வீடுகளாக்கிவிட்டார்கள். சவுகத் அலி தன் குடோனை விற்றபோது, மாடியில் ஒரு வீட்டைத் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் மகன் பைரோஸைக் கட்டிக்கொண்டு ஆஷிகா அந்த வீட்டுக்குத்தான் மருமகளாக வந்தாள்.

ஆஷிகா கீழக்கரைப் பெண். கடற்காற்று கேட்காமலே வீட்டுக்குள் வந்துபோகும் ஊர். இங்கே ஆளுயர ஜன்னல்களைப் பார்த்ததும் அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. அந்தச் சந்தோஷம் மழைக்காலம் வரைதான். குரங்கணி மலைப் பக்கம் மேகம் இறங்கியதும் மாமனார் எழுந்துபோய் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக் கொக்கி போட்டார். ஈரக்காற்று பட்டால் ஏலக்காயின் பச்சை வெளுத்துப்போகும் என்று காலமெல்லாம் சாத்திய கை. காய் போய்விட்டது, கை நிற்கவில்லை. அவள் திறப்பாள், அவர் சாத்துவார். மனுஷர் நல்லவர், அதுதான் கொடுமை; கெட்டவராக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அவளுக்கு மூச்சு முட்டியது. வேறு வீடு பார், இல்லாவிட்டால் நான் கீழக்கரைக்குப் போகிறேன் என்று பைரோஸிடம் தீர்த்துச் சொல்லிவிட்டாள். அத்தாவிடம் எப்படிச் சொல்வதென்று விழித்துக்கொண்டே அவனும் தேவாரம் ரோட்டில் வீடு தேடினான்.

ஒரு சாயங்காலம் மாமனார் அடுப்படி ஜன்னலையும் சாத்த வந்தார். அவளால் அடக்க முடியவில்லை.

"மாமா, இங்க காய் இல்ல. நாமதான் இருக்கோம்."

கொக்கியைத் தொட்ட கை அப்படியே நின்றது. அவர் அவளைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிட்டார். ராத்திரி சரியாகச் சாப்பிடவும் இல்லை. சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று ஆஷிகாவுக்கு அழுகை வந்தது.

காலையில் மேகம் தெருவரைக்கும் இறங்கியிருந்தது. அடுப்படியில் நின்றவளுக்கு, கூடத்தில் அவர் எழுந்து ஜன்னலுக்கு நடக்கும் சத்தம் கேட்டது. கொக்கி லேசாகச் சிணுங்கியது. கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தாள். சாத்தும் சத்தம் வரவில்லை. கூடத்தை எட்டிப் பார்த்தாள்.

நேரே அறைக்குப் போனாள். பைரோஸ் வீடு பார்க்கப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"வீடு ஒண்ணும் பாக்க வேணாம். சட்டையக் கழட்டுங்க."

ஏன் என்று கேட்டவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். கூடத்து ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. சவுகத் அலி காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் நடுங்கியபடி உட்கார்ந்திருந்தார். எழுந்துபோய்ச் சாத்திவிடாமலிருக்க, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.