இருபத்தாறு அங்குலம்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. நகராட்சி அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெண்மணி, நான் கேட்காமலேயே சொன்னார்: "கதவு இருபத்தாறு அங்குலம். சக்கர நாற்காலி இருபத்தேழு. நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க."

அரை மணி நேரம் பேசினார். முக்கியமான இடத்தில் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மீதியை எழுதித் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

2

முதல் தொடக்கம்: நூற்றைம்பது ஆண்டுகளாக அந்த வீடு அந்தத் தெருவைப் பார்த்துக்கொண்டு—

வேண்டாம். வீடு எதையும் பார்ப்பதில்லை.

இரண்டாவது: தம்பி தொலைபேசியில் கூப்பிட்டபோது அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

இது போதும். [அவளை அக்கா என்றே எழுதுகிறேன். அவள் கதையில் அதிகம் பேசியது தம்பிதான்.]

தெருவை அகலப்படுத்தப் போகிறார்கள். வீட்டின் முன்பாதி போகும். பின்பாதி தனியாக நிற்காது. பாரம்பரியக் கட்டடம் என்று பட்டியலில் ஏறிவிட்டால் தொடமாட்டார்கள்.

"வியாழக்கிழமை மதிப்பீட்டாளர் வராருக்கா. வீட்டைப் பளிச்சுனு வெச்சுக்கோ."

"பழசுன்னு காட்டறதுக்கு எதுக்குடா பளிச்சுனு வைக்கணும்?"

"அதுக்குன்னு அழுக்காவா காட்டறது? நம்ம அப்பா மானம் என்ன ஆகும்? நான் ஆளை அனுப்பறேன்."

அனுப்பினான். வந்தவர் வேலையில் சுத்தம். உள்ளறைக் கதவுநிலைக்கு மூன்று பூச்சு வார்னிஷ் அடித்துவிட்டுப் போனார்.

3

உள்ளறையில் அக்காவின் கணவர். பக்கவாதம். பதினோரு மாதமாக அந்த நான்கு சுவர்தான்.

தச்சர் ஏற்கெனவே வந்து பார்த்திருந்தார். நிலையைப் பெயர்த்துச் சுவரை நாலு அங்குலம் உடைத்தால் நாற்காலி தாராளமாகப் போகும். ஒரு நாள் வேலை. ஆனால் ஆணியே இல்லாமல் கோத்த நிலை அது. எடுத்தால் பிளந்துவிடும், திரும்ப வைக்க முடியாது என்றார். எடுங்கள் என்று அக்கா நாள் குறித்துவிட்டாள். அதற்குள் தம்பியின் அழைப்பு வந்தது.

[கட்டிலைக் கூடத்தில் போடக்கூடாதா என்பீர்கள். நானும் கேட்டேன். அவர் சம்மதிக்கவில்லையாம். "கூடத்துல படுத்தா வர்றவன் எல்லாம் மூஞ்சியைத் தொங்கப்போட்டுட்டு நிப்பான். நான் இன்னும் போகலைப்பான்னு ஒவ்வொருத்தனுக்கா சொல்லிட்டு இருக்க முடியுமா?"]

முதல் பிரதியில் அவரை எரிந்து விழுகிற மனிதராக எழுதியிருந்தேன். கிழித்துவிட்டேன். அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தப் பெண்மணி சிரித்தார்.

4

மதிப்பீட்டாளர் வந்தார். தரையைக் காலால் தட்டினார். "இது மாத்தினது." கூரையை அண்ணாந்து பார்த்தார். "இதுவும் மாத்தினதுதான்." சன்னல்களுக்கும் அதே தீர்ப்பு. கையிலிருந்த தாளில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தவர் உள்ளறை வாசலில் நின்றார். நிலை கண்ணாடி மாதிரி மின்னியது.

"இதுவும் புதுசா?"

[அனுபவசாலி இவ்வளவு சுலபமாக ஏமாறுவாரா? எனக்கும் சந்தேகம்தான். கொடி வேலைப்பாட்டில் அவர் விரல் கொஞ்ச நேரம் நின்றது. ஆனால் சுரண்டிப் பார்க்க விதியில் இடமில்லை. வீட்டுக்காரர் சொல்வதைத்தான் எழுதவேண்டும்.]

"எல்லாத்தையும் மாத்திட்டீங்களேம்மா. இது ஒண்ணாவது பழசுன்னா வீட்டைப் பட்டியல்ல ஏத்திடலாம். ஏத்தினப்புறம் இதுல ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது. சொல்லுங்க, எப்ப வெச்சது?"

அக்கா மனசுக்குள் கணக்குப் போட்டாள். புதுசு என்றால் நாளைக்கே தச்சரைக் கூப்பிடலாம். கணவர் நாற்காலியில் வாசல்வரை வருவார், தெருவைப் பார்ப்பார். பிறகு அந்தத் தெருவே வீட்டுக்குள் வந்துவிடும். பழசு என்றால் வீடு நிற்கும். அவர் உள்ளேயே இருப்பார்.

அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "பழசுங்க. இவ தாத்தாவோட அப்பா வெச்சது. எழுதிக்குங்க."

நான் தெளிவாக எழுதிவிட்டேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. வாதம் நாக்கையும் விட்டுவைக்கவில்லை. குழறலாக ஏதோ சத்தம்தான் வெளியே வந்தது. அந்தப் பேச்சு அக்காவுக்கு மட்டும் புரியும்.

"என்ன சொல்றாரும்மா?" என்றார் மதிப்பீட்டாளர்.

இந்த இடத்தில்தான் அந்தப் பெண்மணியை உள்ளே கூப்பிட்டார்கள்.

5

"தண்ணி கேக்கறாரு" என்று அக்கா சொல்வதாக எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. கேள்வி அப்படியே நின்றதால் அடித்துவிட்டேன்.

அவர் சொன்னதை அப்படியே சொல்வதாக எழுதினேன். மதிப்பீட்டாளர் குறித்துக்கொண்டார், வாழ்த்திவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அக்கா அறைக்குள் போகவேண்டும். அந்த வாக்கியம் எனக்கு வரவில்லை. அக்கா கதவைத் தாண்டி, கட்டிலருகே—

"புதுசுன்னு சொல்றாரு" என்றும் எழுதிப் பார்த்தேன். மறுநாளே நிலை பிளந்தது. நாற்காலி வெளியே வந்தது. அவர் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. தனக்கு இருந்த ஒரே குரலையும் அவள் மாற்றிச் சொல்லிவிட்டாள் என்ற கோபம். நியாயமான கோபம். ஆனால் ஒரு வாரமும் வாசலில்தான் உட்கார்ந்திருந்தார்.

இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்கு உரிமை இல்லை. எனக்கு அங்கே வீடும் இல்லை, உள்ளறையில் ஆளும் இல்லை. அதனால் பேனாவை இங்கே வைக்கிறேன்.

மதிப்பீட்டாளர் பதிலுக்காக நிற்கிறார். உள்ளேயிருந்து வந்த பேச்சு புரிந்தவர்கள் அந்தக் கூடத்தில் இப்போது இரண்டு பேர். ஒருத்தி அக்கா. இன்னொருவர் நீங்கள்.

அக்கா உங்களைத் திரும்பிப் பார்க்கிறாள்.