பச்சை டிக்

மனிதன் அழிவான், அவன் பதித்த தகவல் அழியாது. சாஸ்வதா சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் வரவேற்பறையில் ஆளுயரத் திரையொன்றில் இந்த வாசகம் தங்க எழுத்துகளில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. அருகே, வாசகத்தை அருளிய நிறுவனர் பத்மநாபன் கைகட்டி நிற்கும் படம். நவம்பர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை ஐந்தேகால் மணிக்கு, திரைக்கு நேர் பின்னால் இருந்த அறையில், ஏழாயிரத்துச் சொச்சம் பேரின் தகவல் அழிந்துபோயிருந்தது.

கிரிஜா அப்போதுதான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு மாடியேறி வந்திருந்தாள். புனேயின் நிக்டி டிரான்ஸ்போர்ட் நகரில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது அலுவலகம். குளிரில் விரல்கள் மடங்க மறுத்தன. இரவு ஷிப்டை முடித்து வீட்டுக்குக் கிளம்பியிருக்க வேண்டிய முகமது ரஃபீக், கண்கள் சிவந்து, நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான்.

"டிஸ்க் போயிடுச்சுக்கா" என்றான்.

"போனாப் போகுது. பேக்கப்புல இருந்து எடு."

"எடுத்தேன். தெறந்து பாத்தேன். உள்ள ஒண்ணுமே இல்லக்கா."

அவன் வாணியம்பாடிக்காரன். அவள் கோயம்புத்தூர். எந்த ஊர்ப் பேச்சில் சொன்னாலும் ஒன்றுமில்லை ஒன்றுமில்லைதான்.

சாகன், போசரி பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பேருந்துகளின் பட்டியலை வைத்திருப்பதுதான் சாஸ்வதாவின் தொழில். எந்தத் தொழிலாளி, எந்த நிறுத்தத்தில், எத்தனை மணிக்கு, எந்த வண்டியில். இதைச் செய்யும் மென்பொருள்கள் தனித்தனிக் கன்டெய்னர்களில் ஓடின. அலுவலகத்தில் அவற்றுக்கு டப்பா என்று பெயர். டப்பா கெட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய டப்பாவை ஓட விடலாம். ஆனால் உள்ளே இருப்பதும் அதோடு போய்விடும். அதனால் தகவலை டப்பாவுக்கு வெளியே, அலமாரி மாதிரி ஓர் இடத்தில் வைப்பார்கள். தினமும் விடிகாலை நாலே முக்காலுக்கு அந்த அலமாரியைத் தானாகவே நகலெடுக்க ஏற்பாடு இருந்தது. எடுத்து முடித்ததும் திரையில் பச்சை டிக் விழும். ஷிப்டில் இருப்பவர் அதைப் பார்த்து, பதிவேட்டில் 'பேக்கப் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஏப்ரலில் புது சர்வருக்கு மாறினார்கள். மாற இரண்டு நாள் வேண்டும் என்று கேட்டான் ரஃபீக். ஜோசியர் ஒன்றரை மணி நேரம்தான் கொடுத்திருந்தார். பத்மநாபன் கற்பூரத் தட்டோடு அவன் தலைமாட்டில் நின்று நிமிடங்களை எண்ணினார். அவர்களோடு வேலை பார்த்த ஜான் தேங்காயை ஏந்திக்கொண்டு நின்றான். அந்த அவசரத்தில், அலமாரி இடம் மாறியதை நகலெடுக்கும் ஏற்பாட்டுக்குச் சொல்லும் ஒரு வரி விட்டுப்போயிற்று. அதுவும் ஏழு மாதமாகப் பழைய இடத்துக்கே போய், வெறும் அலமாரியை மிகுந்த கவனத்தோடு நகலெடுத்து வந்தது. தினமும் பச்சை டிக். தினமும் 'பேக்கப் சரி'.

பழைய நல்ல நகல்களாவது இருந்திருக்கும். முப்பது நாள் வைத்திருப்பது முன்பு வழக்கம். பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறவன் முன்னேற மாட்டான் என்று ஒரு கூட்டத்தில் முழங்கிவிட்டு, பத்மநாபன்தான் அதை ஏழு நாளாகக் குறைத்தார். மாறிய எட்டாம் நாளே கடைசி நல்ல நகலும் தானாக அழிந்தது. அன்றைக்கும் பச்சை டிக் விழுந்தது.

நவம்பர் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் தொலைபேசிகள் அலறத் தொடங்கின. பேருந்துகள் எங்கே நிற்பது என்று தெரியாமல் நெடுஞ்சாலையில் சுற்றின. நிறுத்தங்களில் ஆட்கள் மஃப்ளருக்குள் வாயைப் புதைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் காப்பாற்றியது ஓட்டுநர் காம்ப்ளே. ஆட்களின் பெயரும் நிறுத்தமும் எழுதிவைத்த, எண்ணெய்ப் பிசுக்கேறிய நோட்டு ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எல்லா ஓட்டுநர்களிடமும் அப்படி ஒன்று இருந்தது. சர்வரை நம்பி வண்டி ஓட்ட முடியுமா என்று அவர் கேட்டதை யாரும் பத்மநாபனுக்கு மொழிபெயர்க்கவில்லை.

மூன்று நாள், கிரிஜா, ரஃபீக், ஜான், தேஜஸ்வினி நால்வரும் அந்த நோட்டுகளைப் பிரித்துவைத்துக்கொண்டு பெயர் பெயராகத் தட்டினார்கள். மராத்திக் கிறுக்கலைத் தேஜஸ்வினி உரக்கப் படிக்க மற்றவர்கள் அடித்தார்கள். மணிக்கட்டு வீங்கியது. கழுத்து திரும்பவில்லை. வடாபாவ் ரொட்டியின் மிளகாய் பட்ட விரலால் ஜான் கண்ணைத் தேய்த்துக்கொண்டு அரை மணி நேரம் குருடனாக இருந்தான். நால்வரும் ஒப்பந்த ஆட்கள். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அவர்களையும் டப்பாவைப் போலப் புதுப்பிப்பார்கள்.

வியாழக்கிழமை பத்மநாபன் கிரிஜாவைத் தன் அறைக்கு அழைத்தார். இந்தக் கம்பெனி ஒரு குடும்பம் என்று ஆரம்பித்தார். அவர் அப்படி ஆரம்பித்தால் குடும்பத்தில் ஒருத்தர் குறையப் போகிறார் என்று பொருள்.

மேசைமேல் ஒரு தாள் இருந்தது. தன் கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்குத் தான் மட்டுமே பொறுப்பு என்று ரஃபீக் எழுதிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சாட்சியாக கிரிஜா கையெழுத்திட வேண்டும். அந்தத் தாளோடு அவனுக்குப் புனேயில் எந்தக் கம்பெனியின் கதவும் திறக்காது. கிரிஜாவுக்கோ ஜனவரியிலிருந்து நிரந்தர வேலை.

"தப்பு அந்தப் பையன்தானேம்மா பண்ணான்? அந்த வரிய விட்டவன் அவன்தானே?"

"அவன்தானுங்க சார்."

"அப்புறம் என்ன?"

"நகல் சரியா வருதான்னு தெறந்து பாக்க ஒரு மெஷின் வேணும்னு அவன் மூணு தடவை கேட்டானுங்க. நானும் கேட்டேன்."

"எழுத்துல இருக்கா?"

"ஆபீஸ் மெசேஜ்ல இருந்துச்சுங்க. அதையும் ஏழு நாளைக்கு மேல வெக்க வேண்டாம்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

பத்மநாபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர்கள் கேட்ட மெஷின் வரவேற்பறையில் வாசகத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. அதை அவள் சொல்லவில்லை, இருவருக்குமே தெரியும். நாளைக் காலைக்குள் கையெழுத்து வேண்டும் என்றார். தாளை அவளே எடுத்துக்கொண்டு வந்தாள்.

கிரிஜாவுக்கு அன்று வேலை ஓடவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், பதிவேட்டைப் புரட்டினாள். முதலில் தேடியது, உண்மையைச் சொன்னால், ரஃபீக்கின் கையெழுத்தைத்தான். எத்தனை தடவை போட்டிருக்கிறான் என்று பார்க்க. நிரந்தர வேலை என்ற சொல் காதுக்குள் கொசு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் கண்ணில் பட்டது அவள் கையெழுத்து. நீளமான ஆங்கில ஜி, கீழே இரண்டு புள்ளி. ரஃபீக்கைவிட அவள்தான் அதிகம் போட்டிருந்தாள். தீபாவளிக்கு மறுநாள் லீவில் இருந்துகொண்டே, திங்கட்கிழமை வந்து முன்தேதியிட்டும் போட்டிருந்தாள்.

மாலை ஷிப்ட் மாறும்போது டயர் கடைக்குப் பக்கத்து டீக்கடையில் நால்வரும் நின்றார்கள். கிரிஜா தாளைக் காட்டினாள். ரஃபீக் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"போட்டுடுக்கா. உன் வேலையாவது நிக்கட்டும்."

"வாயை மூடுடா. எல்லாருந்தானே பச்சையப் பாத்துக் கையெழுத்துப் போட்டோம்? தெறந்து பாத்தது நீ ஒருத்தன்தான். அதுவும் ஏழு மாசம் கழிச்சு."

ஜான் தனக்குச் சொந்தமாக நூற்றுச் சொச்சம் 'பேக்கப் சரி' இருப்பதாக ஒப்புக்கொண்டான். தேஜஸ்வினி புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழைப் படிக்கட்டில் இறங்குவதுபோல் ஒவ்வொரு சொல்லாகப் பேசுவாள்.

"நாலு பேர் கையெழுத்து போட்டா, சார் நாலு பேரையும் வெளிய நிகால் பண்ண முடியாது. அந்த நோட்புக் மராத்தி யார் படிக்கும்? அவரா?"

அதில் ஒரு பலம் இருந்தது. பாதிப் பெயர்கள் இன்னும் நோட்டுகளில்தான் கிடந்தன. பக்கத்து பெஞ்சில் காம்ப்ளே அரைக் கிளாஸ் கட்டிங் சாயாவை உறிஞ்சிக்கொண்டு, எல்லாவற்றையும் தேஜஸ்வினியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். நோட்டு எங்களுடையது, பையனை அனுப்பினால் நோட்டும் சட்டைப் பைக்கே திரும்பும் என்று மராத்தியில் சொல்லிவிட்டு, நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

அலுவலகக் கணினியில் தட்டினால் பத்மநாபனுக்குத் தெரிந்துவிடும் என்று ஜான் பயந்தான். டயர் கடைக்காரரிடம் வெள்ளைத்தாள் வாங்கி, ஒரு டயர்மேல் வைத்து, கிரிஜா கையாலேயே எழுதினாள். திறந்து பார்க்காமல் சரி என்று எழுதியது நாங்கள் நால்வரும். நல்ல நேரம் பார்த்து அவசரப்படுத்தியதும், ஏழு நாள் போதும் என்றதும், சோதித்துப் பார்க்க மெஷின் இல்லை என்றதும் நிர்வாகம். ரஃபீக் இருக்க வேண்டும். நகல்கள் முப்பது நாள் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். வரவேற்பறை மெஷினை அதற்குத் தர வேண்டும். அவனை அனுப்பினால் நால்வரும் வேலையை விட்டு இறங்கிவிடுவோம். நால்வரும் கையெழுத்திட்டார்கள்.

மறுநாள் காலை பத்மநாபன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"இது மிரட்டல்."

"இல்லீங்க. இதுதான் பதிவேடு" என்றாள் கிரிஜா.

"உன் ஜனவரி என்னாகும்னு யோசிச்சியா?"

"ராத்திரி பூராவும் யோசிச்சனுங்க. அப்புறந்தான் வந்தேன்."

பின்னால் மூன்று பேர் நிற்கும் மூச்சு கழுத்தில் பட்டுக்கொண்டிருந்ததால், அவள் நகராமல் நின்றாள். பத்மநாபன் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. எதையும் மறுக்கவும் இல்லை. திங்கட்கிழமை பேசலாம் என்றார். கடிதத்தை மடித்து இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். ரஃபீக்கைப் போகச் சொல்லவில்லை. அவன் திரும்பிப் போய்த் தன் நாற்காலியில், இந்த முறை நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

கீழே இறங்கி நால்வரும் சாயா குடித்தார்கள். ஒன்றும் கைக்கு வரவில்லை. ஆனாலும் நால்வருக்கும் பசித்தது. காம்ப்ளே வடாபாவ் சொன்னார். ஜான் இந்த முறை கையைக் கழுவிவிட்டு வந்தான். திங்கட்கிழமை யார் முதலில் பேசுவது, யார் இரண்டாவது என்று பிரித்துக்கொண்டார்கள். காம்ப்ளே கடிதத்தைத் தானும் பார்க்க வேண்டும் என்றார், தேஜஸ்வினியைவிட்டு மற்ற ஓட்டுநர்களுக்கும் மராத்தியில் படித்துக் காட்டலாம் என்று. ஜான் தேஜஸ்வினியைப் பார்த்தான். தேஜஸ்வினி கிரிஜாவைப் பார்த்தாள். கிரிஜா ரஃபீக்கைப் பார்த்தாள்.

யாரும் நகல் எடுத்து வைத்திருக்கவில்லை.