நடத்தாத பாடம்

கணக்கு டீச்சருக்கும் பிரின்சிபாலுக்கும் ஆகாது என்பது அந்த விடுதிப் பள்ளியில் சமையல்கட்டு வரைக்கும் தெரிந்த விஷயம். பிரின்சிபால் வேறு யாருமல்ல, டீச்சரின் சொந்த நாத்தனார், கணவனுக்கு மூத்தவள். இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். அதைச் சொல்லிக்காட்டக் கிடைத்த ஒரு வாய்ப்பையும் அவள் நழுவவிட்டதில்லை. பள்ளியில் ‘மேடம்’, வீட்டில் ‘அண்ணி’ என்று நாக்கை மாற்றிப் போட்டுக்கொண்டு டீச்சரும் காலத்தை ஓட்டிவந்தாள்.

அந்த வருடம் பகை முற்றியது பாடத்திட்டத்தால். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதல் நாளே பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுக்கச் சொன்னாள் பிரின்சிபால். பொதுத்தேர்வு பன்னிரண்டுக்கு மட்டும்தான். பதினொன்றுக்குப் பள்ளியே பரீட்சை வைத்து, பள்ளியே மார்க் போட்டு மேலே தள்ளிவிடும். ஒரே புத்தகத்தை இரண்டு வருடம் உருப்போட்டால் மார்க் கொட்டும் என்று அவள் கணக்குப் போட்டாள். மற்ற ஆசிரியர்கள் தலையாட்டினார்கள். கணக்கு டீச்சர் மட்டும், அடிப்படையே தெரியாத பிள்ளைகளுக்குத் தொகை நுண்கணிதத்தை எந்த வாயால் சொல்லிக்கொடுப்பது என்று கூட்டத்திலேயே கேட்டுவிட்டாள்.

“சொன்னத நடத்துங்க. யோசிக்கறதுக்கு நான் இருக்கேன்,” என்றாள் பிரின்சிபால். யாரோ வாய்க்குள்ளேயே சிரித்தார்கள்.

டீச்சர் பிடிவாதக்காரி. கதவைச் சாத்திக்கொண்டு, வகுப்பில் பாதி நேரம், விட்டுப்போன பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை நடத்தினாள். பிள்ளைகள் நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ, அவர்கள் பிரின்சிபாலிடம் போட்டுக்கொடுத்தார்கள். முதலில் போனவள் வகுப்புத் தலைவி. பெற்றோர் வந்து பார்க்கும் ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பெண்ணின் அப்பா கூடத்தில் எல்லோர் முன்னாலும் டீச்சரைப் பிடித்துக்கொண்டார். பரீட்சைக்கு வராததைப் படிக்கவா பிள்ளையை விடுதியில் சேர்த்தோம் என்று கத்தினார். பிரின்சிபால் கையைக் கட்டிக்கொண்டு தூணோரம் நின்று, அவர் கத்தி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரமே அந்த வகுப்புக்குப் புதிய ஆள் வருவதாக டீச்சர் காதுபடப் பேசினாள்.

வீட்டில் கணவன் அக்கா பக்கம். “ஊரே ஒத்துக்கிட்டதுக்கு உனக்கு மட்டும் என்ன வலிக்குது?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

புதிய ஆள் வருவதற்குள் கல்வி அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்து இறங்கினார். பிரின்சிபால் அசரவில்லை. மூட்டையாகக் கிடந்த பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்களைப் பிரித்து மேசைக்கு மேசை வைக்கச் செய்தாள். தலைவியை ஒரே ஒரு கணக்கை விடையோடு மனப்பாடம் செய்யவைத்தாள். ஏதாவது ஒரு கணக்கைப் போட்டுக்காட்டும்படி ஆய்வாளர் கேட்டபோது அந்தப் பெண் கரும்பலகையில் மளமளவென்று எழுதிவிட்டு வந்தாள். பாடம் எதுவரை வந்திருக்கிறது என்று அவர் விசாரிக்க, முக்கால்வாசி முடிந்துவிட்டது என்றாள் பிரின்சிபால். அவர் திருப்தியாகத் தலையசைத்து, ஒப்புக்கு, அப்படித்தானே என்று டீச்சர் பக்கம் திரும்பினார்.

“இல்லைங்க. திருட்டுத்தனமா நான் நாலு பாடம் நடத்தினேன். மத்த எந்த சப்ஜெக்ட்லயும் இந்தப் பிள்ளைங்க பதினொன்னாம் வகுப்புப் புத்தகத்தத் தொட்டதே இல்ல.”

நாத்தனாரின் முகம் வெளுத்துப்போவதைப் பார்த்தபோது டீச்சருக்கு உள்ளே தித்தித்தது. அந்தத் தித்திப்பில் பிள்ளைகளுக்கு ஒரு பங்கும் இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது. சொன்னது உண்மைதான். ஆனால் வஞ்சம் தீர்க்கத்தான் சொன்னாள்.

கல்வி அலுவலகம் அந்த வகுப்புக்கு மட்டும் விடுமுறையை ரத்து செய்தது. பதினொன்றாம் வகுப்புப் பாடம் முழுவதையும் நடத்தி, வெளி ஆசிரியர்கள் முன்னிலையில் பரீட்சை வைக்க வேண்டும் என்று உத்தரவானது. பிரின்சிபாலின் நாற்காலி ஆடியது, விழவில்லை. டீச்சரை வெளியே தள்ளினால் அலுவலகம் ஏனென்று கேட்கும் என்று நிர்வாகமும் பல்லைக் கடித்துக்கொண்டது. அன்று மாலை நாத்தனார் வீட்டுக்கு வந்து, நின்றபடியே தம்பியிடம் பேசினாள்.

“உன் பொண்டாட்டி இருக்கற வீட்ல இனிமே எனக்கு வேலையில்ல.”

அவன் அக்காவைத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டுவந்தான். டீச்சரிடம் பல நாள் பேசவில்லை.

மற்ற வகுப்புகளெல்லாம் ஊருக்குப் போய் விடுதி வெறிச்சோடிய பின் இவர்களுக்குப் பாடம் தொடங்கியது. டீச்சர் உள்ளே நுழைந்தபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தலைவி உட்கார்ந்தபடியே பேசினாள்.

“எங்க அக்கா கல்யாணத்துக்கு நான் போக முடியாது, மிஸ். உங்களாலதான்.”

டீச்சர் சாக்பீஸை எடுத்தாள். உங்கள் நல்லதுக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். வெட்கமாக இருந்தது, விழுங்கிக்கொண்டாள்.

“ஆமா, என்னாலதான். கோவம் உனக்குள்ள இருந்துட்டுப் போகட்டும். நோட்ட எடு.”

நோட்டு மேசையில் அறைந்தாற்போல் விழுந்தது. டீச்சர் கரும்பலகை நிறைய எழுதிக்கொண்டே போனாள். முதுகுக்குப் பின்னால் பேனாக்கள் ஓடும் சத்தம் கேட்டது. நடுவில் தலைவி, சண்டைக்கு இழுப்பவள் குரலில் கேட்டாள், மூன்றாவது வரியில் மைனஸ் எங்கிருந்து வந்தது என்று. டீச்சரும் அதே குரலில் விளக்கினாள். புரிந்ததா என்று கேட்டாள். அந்தப் பெண் குனிந்து, எழுதியதை அடித்துவிட்டு, திரும்பவும் முதல் வரியிலிருந்து போட ஆரம்பித்தாள்.