ஒன்றை அழுத்தவும்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வீட்டுக்காரர் தனபாலுக்கும் வாய் இருக்கிறது. நல்ல வார்த்தை பேச மட்டும்தான் அது திறக்கும்.

பெருந்துறைக்குப் பக்கத்தில் தோட்டத்துக்குள் எங்கள் வீடு. அங்கே எடுப்பது ஒரே ஒரு கம்பெனி டவர். போன் பேசலாம், நெட் மட்டும் ஒரு வாரமாகச் சுற்றிக்கொண்டே நின்றது. எனக்கோ திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வீடியோவில் இன்டர்வியூ. ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே கஸ்டமர் கேர் வேலை. மகள் ரித்திகா பிறந்தபோது வேலையை விட்டவள் நான். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிட்டிருப்பது இவர்கள்தான். வீட்டில் நெட் ஓடினால்தான் வேலை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

சிம் அவர் பெயரில் இருந்ததால் கஸ்டமர் கேரில் அவரிடம்தான் பேசுவார்களாம். பேசினார்.

"ஏனுங்க அம்மணி, சாப்டீங்களா?" என்றுதான் ஆரம்பித்தார். அந்தப் பெண் எந்த ஊர், என்ன படித்தாள் என்றெல்லாம் விசாரித்த பிறகே நெட் ஞாபகம் வந்தது. புகாரைப் பதிந்தாயிற்று, சீக்கிரம் சரியாகும் என்றாள் அவள். மாலையில் குறுஞ்செய்தி வந்தது: 'உங்கள் குறை தீர்க்கப்பட்டது. நன்றி.'

நெட் இன்னமும் சுற்றிக்கொண்டிருந்தது. மறுநாளும் பேசினார். மறுபடி சாப்பாடு, மறுபடி நன்றி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் பேசும்போது பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். பேச்சு முடிந்ததும் பதிவுக்குரல் வந்தது: குறை தீர்ந்திருந்தால் ஒன்றை அழுத்தவும், தீரவில்லை என்றால் இரண்டை. மனுஷர் கொஞ்சமும் யோசிக்காமல் ஒன்றை அழுத்தினார்.

"ஏனுங்க, நெட்டு வந்துருச்சுங்களா?"

"இல்லியே."

"அப்பறம் எதுக்குங்க ஒன்னு அழுத்துனீங்க?"

"அந்தப் புள்ள எத்தன மரியாதையாப் பேசுச்சு. மொகத்துல அடிச்சாப்பல ரெண்டு அழுத்தச் சொல்றயா?"

தலையில் அடித்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் நல்ல மனுஷர். கட்டிக்கொண்டவள் எக்கேடு கெட்டால் இவருக்கென்ன.

திங்கட்கிழமை காலையில் அவர் போனைப் பிடுங்கிக்கொண்டேன். குரலைத் தடியாக்கி, "தனபால் பேசறனுங்க. நெட்டு வரலீங்க" என்றேன்.

மறுமுனையில் ஒரு பெண், "என் பேரு சைதன்யாங்க. நீங்க தனபால் அண்ணா இல்லீங்களே?" என்றாள்.

"எப்படிச் சொல்றீங்க?"

"அவரு மொதல்ல சாப்டீங்களான்னு கேப்பாருங்க. இங்க எல்லாத்துக்கும் அவரத் தெரியும்."

அந்த நிமிஷமே என் ஆண்குரல் ஓடிப்போயிற்று. இன்டர்வியூ விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே அழுகையும் வந்துவிட்டது. சைதன்யா அவரிடம் பேசிச் சம்மதம் வாங்கிக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "ஒன்னு அழுத்துனா புகாரு தானா மூடிக்கும்க்கா. இந்தத் தடவ ரெண்டு அழுத்துங்க. அப்பத்தான் டவர் ஆளுககிட்டப் போகும்."

"உங்களுக்குக் கெட்ட பேரு வராதுங்களா?"

"வருமுங்க. பரவால்லீங்க, அழுத்துங்க."

பதிவுக்குரல் வந்தது. நேற்று முழுக்க அவரைத் திட்டித் தீர்த்தவளுக்கு இப்போது விரல் நகரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டை அழுத்தினேன். தனபால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பத்தரை மணிக்கு நெட் வந்தது. இன்டர்வியூவில் கேட்டார்கள்: "கஸ்டமர் கோவத்துல கத்துனா என்ன பண்ணுவீங்க?"

"அவிக ஊட்டுல ஏதோ முக்கியமான காரியம் நிக்குதுன்னு அர்த்தமுங்க. மொதல்ல அது என்னன்னு கேப்பேன்" என்றேன்.

அடுத்த வாரமே சேரச் சொல்லிவிட்டார்கள். சந்தோஷத்தில் சமையலறைக்கு ஓடினால், தனபால் காதில் போனோடு நிற்கிறார்.

"நெட்டுத்தான் வந்துருச்சுங்களே, இன்னும் யாருகிட்டப் பேசறீங்க?"

"வந்துருச்சுன்னு சொல்லி, ஒன்னு அழுத்திப்போடலாமுன்னு."

போனைப் பிடுங்கினேன். சண்டைதான் என்று பயந்து ஓரடி பின்னால் போனார். மறுமுனையில் யாரோ ஒரு பெண், "வணக்கம், உங்க குறை என்னங்க?" என்றாள்.

"கொறை ஒன்னுமில்லீங்க அம்மணி" என்றேன். "சாப்டீங்களா?"