முன்னறைச் சவாரி

ஓடில் என்பவர் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய வயிறு மட்டும் வருஷா வருஷம் பதவி உயர்வு வாங்கிக்கொண்டிருந்தது.

அக்டோபர் கடைசியில் ஊர் சைக்கிள் கழகம் ஃபிளாண்டர்ஸ் மேடுகளில் அந்த ஆண்டின் இறுதிச் சுற்றை முடித்தது. கல் பாவிய ஏற்றத்தில் பாதி வழியில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடில் உச்சியை அடைந்தபோது, மற்றவர்கள் அங்கிருந்த மதுக்கடையில் இரண்டாவது பியரில் இருந்தார்கள். ஃபிர்மின் அவரை மேலும் கீழும் பார்த்தான். ஊரில் யார் செத்தாலும் அடக்கம் செய்து வைப்பவன் அவன், கண்ணாலேயே அளவெடுப்பான்.

"இதுக்கு மேல பெருத்துடாதடா ஓடில். எங்கிட்ட இருக்கிறதெல்லாம் ஒரே அளவுப் பெட்டி. உனக்குன்னா தனியா தச்சனைக் கூப்பிடணும்."

கடையே சிரித்தது. ஓடிலும் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் அது உள்ளே தைத்தது. வயிற்றைக் குறைத்தே தீருவது என்று முடிவு செய்தார்.

ஆனால் குளிர்காலத்தில் ரோட்டில் இறங்க வழியில்லை. போன வருஷம் ஈர இலையில் வழுக்கிக் காறையெலும்பை உடைத்துக்கொண்டதிலிருந்து, ஈஸ்டர் வரை சைக்கிள் வாசலைத் தாண்டக் கூடாது என்பது மனைவி ரோஸாவின் சட்டம். சரி, வீட்டுக்குள்ளேயே ஓட்டுவோம் என்று ஓடில் பழைய உருளைச் சட்டம் ஒன்றை வாங்கி வந்தார். மூன்று உருளைகளின் மேல் சைக்கிளை வைத்து மிதித்தால் சக்கரம் சுழலும், வண்டி நகராது. பிடித்து நிறுத்த ஒன்றும் கிடையாது. நேராகப் பார்த்து மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கே வைப்பது? நிலவறையில் கணுக்காலளவு தண்ணீர். பரணில் வைத்துச் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தவுடன் உத்தரம் மண்டையில் இடித்தது. மிச்சமிருந்தது தெருவைப் பார்த்த முன்னறை. பாதிரியார் வந்தால் திறப்பார்கள், பிணம் கிடத்தத் திறப்பார்கள். மற்றபடி அது ரோஸாவின் அம்மா விட்டுப்போன பீங்கான் அலமாரியின் ராஜ்ஜியம்.

"என் பொணத்து மேல ஏறித்தான் அங்க சைக்கிள் ஓட்டணும்," என்றாள் ரோஸா.

"அதுக்கும் ஃபிர்மின் ரெடியாத்தான் இருக்கான்."

இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் அடுப்படியில் நின்றுகொண்டு, ஓடில் நாலாவது முறையாகக் குழம்புச் சட்டியின் மூடியைத் தூக்கி மோந்து பார்த்தார். ரோஸா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"போ. முன்னறைக்கே போ. தினம் ஒரு மணி நேரமாவது என் சட்டியை மோந்து பாக்காம இருப்ப."

கம்பளத்தைச் சுருட்டினார். மாட்டுத் தொழுவத்து ரப்பர் விரிப்பு ஒன்றைக் கழுவிப் போட்டார். முகத்துக்கு நேரே மின்விசிறி. வியர்வைத் துண்டைத் தொங்கவிட இடம் தேடி, மூலையிலிருந்த புனித அந்தோணியாரின் நீட்டிய கையில் போட்டார். ரோஸா முறைத்தாள்.

"பாவம், இத்தனை வருஷமா சும்மாவே நீட்டிக்கிட்டு நிக்கறாரு," என்றார் ஓடில்.

அறை வெந்ததால் சன்னலைத் திறக்க வேண்டியிருந்தது. காற்றில் திரை பறக்கும். பூசைக்குப் போகிற பெண்கள், அரைக்கால் சட்டையில் ஆவி பறக்க மிதிக்கும் ஓடிலைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு நடந்தார்கள். போட்டுவிட்டு இன்னொரு தரமும் பார்த்தார்கள்.

மூன்றாவது வாரம் ஃபிர்மின் வந்து சன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றினான்.

"எது வரைக்கும் வந்திருக்க?"

"மேட்டு உச்சிக்கிட்ட."

"நேத்தும் இங்கதானடா பாத்தேன்."

பதில் சொல்ல ஓடில் தலையைத் திருப்பினார். தலை போன பக்கம் சைக்கிள் போனது. சைக்கிள் போன பக்கம் அலமாரி இருந்தது.

சத்தம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஃபிர்மின் தொழில் பழக்கத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டான். ரோஸா ஓடி வந்தபோது ஓடில் உடைந்த தட்டுகளுக்கு நடுவே, வயிற்றின் மேல் சூப்புக் கிண்ணத்தின் மூடியோடு மல்லாந்து கிடந்தார்.

"எலும்பு?"

"இருக்கு."

அதற்குப் பிறகுதான் அவள் அலமாரியைப் பார்த்தாள். உடையாத கோப்பை ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண் கலங்கியது. ரோஸா கையை விரித்தாள். கோப்பை விழுந்து நொறுங்கியது.

"முப்பத்திரண்டு வருஷமா வாராவாரம் தொடைச்சேன்," என்றாள். "ஒருத்தரும் இதுல ஒரு வாய் காபி குடிச்சதில்ல. அம்மாவும் குடிக்கல, நானும் குடிக்கல. யாருக்காக தொடைச்சேன்னே தெரியல."

முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிச்சமிருந்த மூன்று கோப்பைகளில் காபி ஊற்றி வந்தாள். மூவரும் சில்லுகளுக்கு நடுவே நின்று குடித்தார்கள். காபி எப்போதும் போலத்தான் இருந்தது. ஃபிர்மின் காலியான மூலையைக் கண்ணால் அளந்தான்.

"இங்க இன்னொரு சைக்கிள் தாராளமா நிக்கும். வீட்டுல தனியா மிதிச்சா எனக்கும் பைத்தியம் புடிக்குது."

மறுநாள் காலை அவன் தன் சைக்கிளையும் உருளைகளையும் கொண்டு வந்தான். அவனிடமிருந்த நீளமான வண்டி ஒன்றுதான்: பிணவண்டி. கறுப்பாகப் பளபளத்துக்கொண்டு அது ஓடில் வீட்டு வாசலில் நின்றது. வாரக்கணக்கில் அவர் திணறித் திணறி மிதிப்பதைப் பார்த்திருந்த தெருவுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அரை மணியில் ரொட்டிக்கடை யூடித் துக்க வீட்டுக்கென்று பெரிய கேக்கோடு அழுதுகொண்டே மணியடித்தாள். கதவைத் திறந்தது ஓடில், வியர்வை சொட்டச் சொட்ட.

யூடித் அவரை உற்றுப் பார்த்தாள். "அப்ப... ரோஸாவா?"

"அவ அடுப்படில இருக்கா. நல்லாத்தான் இருக்கா."

யூடித்தின் துக்கம் சட்டென்று கோபமாக மாறியது. "அரை மணியா அழுதுட்டிருக்கேன்யா. கொஞ்சமாவது வெக்கம் இருக்கா உனக்கு?" கேக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அதற்குள் ரோஸா கத்தியோடு வந்துவிட்டாள். "அதை ஏன்டி தூக்கிட்டுப் போற? உள்ள வா. இவங்க ரெண்டு பேரும் மிதிக்கட்டும், நாம திம்போம்."

பெண்கள் இருவரும் முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பாதிக் கேக்கை முடித்தார்கள். விசிறிக் காற்று அதன் வாசனையை அள்ளி நேராக ஓடிலின் மூக்கில் அறைந்தது. அவர் கேக்கையோ ஃபிர்மினையோ ஓரக்கண்ணால்கூடப் பார்க்காமல், சுவரையே பார்த்து மிதித்துக்கொண்டிருந்தார்.