கிழட்டு அரத்தை

ஒரே வாரத்தில் மூன்றாவது தடவையாகக் கம்ப்போன் என் கடைக்கு வந்து இளம் அரத்தையாகப் பொறுக்கினான். தாய்லாந்தின் பெச்சபுரிச் சந்தையில் மசாலாவும் மூலிகையும் விற்கிறவள் நான். எந்த வீட்டில் எத்தனை வாய் என்பது எனக்கு மனப்பாடம். தனியாகப் பொங்கித் தின்னும் பனையேறிக்கு இத்தனை அரத்தை எதற்கு?

"என்னப்பா, தினமும் கோழியும் தேங்காய்ப்பாலும் போட்ட அரத்தைக் குழம்பா? உன் பனை மட்டும் பணமாச் சுரக்குதோ?"

அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சட்டையைக் கொஞ்சம் தூக்கினான். அரிவாள் கச்சை கட்டும் இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் படர்தாமரை.

"சாராயத்துல ஊறப்போட்டுத் தடவுறேன்க்கா. எட்டு நாளாச்சு. அசையவே இல்ல."

அவன் கவலை எனக்குத் தெரியும். இன்னும் பதினேழு நாளில் மொட்டையடித்துக் காவி உடுத்த வேண்டும். கொஞ்ச காலமாவது மடத்தில் தங்கி வராத ஆம்பிளையை இங்கே வேகாதவன் என்போம். வேகாதவனுக்குப் பெண் இல்லை என்று, அவன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட ரம்பாயின் அம்மா சங்கியம் ஒற்றைக்காலில் நின்றாள். ஆனால் காவி தருமுன் பிக்குகள் கேட்பார்கள்: தொழுநோய் உண்டா, கட்டி உண்டா, படர்தாமரை உண்டா? எல்லாவற்றுக்கும் 'இல்லை ஐயா' சொல்ல வேண்டும்.

"இடுப்புதானே? யாரு அவுத்துப் பாக்கப்போறா?" என்றேன். வியாபாரி புத்தி.

"பொய் சொல்லிட்டு அந்தக் காவிய எப்படிக்கா கட்டுறது? ஆறலன்னா அடுத்த வருஷம் வான்னுட்டாரு பெரிய சாமி."

அடுத்த வருஷம்வரை சங்கியம் தாங்கமாட்டாள். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவன் ஏற்கெனவே இரண்டு முறை வந்து அவள் வீட்டில் மாம்பழம் தின்றுவிட்டுப் போயிருந்தான்.

கம்ப்போன் கையிலிருந்த ரோஜா நிற இளம் அரத்தையைப் பிடுங்கினேன். "இது குழம்புல போடுற குழந்தைடா. இதுல என்ன காரம் இருக்கும்?" கூடையின் அடியைத் துழாவி, நாரேறி முண்டுமுண்டாய்க் கிடந்த கிழட்டுக் கிழங்கை எடுத்துக் கொடுத்தேன். "கத்தி இறங்காது, பல்லு இறங்காது, வாசனை மட்டும் மண்டையில ஏறும். உன் மாமியார் மாதிரி. இடிச்சு, வெள்ளைச் சாராயத்துல ஊறவச்சு, காலையும் சாயங்காலமும் தடவு. அரிப்பு நின்னாலும் நிறுத்தாதே."

"எவ்வளவுக்கா? கொஞ்சம் குறைச்சு..."

"மருந்துக்குப் பேரம் பேசினா பலிக்காது." என் அப்பா கண்டுபிடித்த சாஸ்திரம்.

"யார்கிட்டயும் சொல்லிடாதக்கா. அத்தைகிட்ட முக்கியமா."

தலையாட்டித் தொலைத்தேன். பன்னிரண்டாம் நாள் காலையில் சங்கியமே என் கடைமுன் வந்து நின்றாள்.

"அந்தப் பய குடிக்கிறான், தெரியுமா? விடியக்காலையிலயே சாராய நாத்தம்! சாமியாராகப் போறவன் இப்படியா? குமாஸ்தா வீட்டுக்கு ஆள் அனுப்பப்போறேன்."

வாயில் வந்ததை விழுங்கினேன். கொடுத்த வாக்கு ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். நல்லவேளை, அரத்தை வாங்கக் கம்ப்போனே வந்து சேர்ந்தான். சங்கியம் பாய்ந்து அவன் தாடையைப் பிடித்தாள்.

"ஊது!"

ஊதினான். வெறும் சோற்று வாசனை. அவள் குழம்பிப்போய் மோப்பம் பிடித்துக்கொண்டே தோள், விலா என்று கீழே இறங்கினாள். இடுப்பருகே வந்ததும் மூக்கு நின்றது.

"இடுப்பால குடிக்கிறியாடா?"

அவன் முகம் செத்துவிட்டது. சட்டையைத் தூக்கினான். வட்டம் வாடி, விளிம்பில் மட்டும் தவிட்டு நிறத்தில் ஒரு கோடு மிச்சமிருந்தது.

"படர்தாமரை, அத்தை. சொன்னா பொண்ணு தரமாட்டீங்கன்னு..."

சங்கியம் என் மிளகாய் மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்தாள். சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். "இவ்வளவுதானா! குடிகாரன்னு நெனச்சு மூணு ராத்திரி தூங்கலடா, பாவி!"

குறித்த நாளில் சந்நிதி மண்டபத்தில் பெண்கள் வரிசையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிக்கு படர்தாமரையைக் கேட்டபோது கம்ப்போனின் கை பழைய வழக்கத்தில் இடுப்புக்குப் போனது. கை ஒரு தடவை தடவிப் பார்த்தது. சொறியவில்லை.

"இல்லை, ஐயா!"

தூண் அதிரச் சொன்னான். சங்கியம் நீளமாக மூச்சு விட்டாள். அப்புறம் முழங்கையைச் சொறிந்தபடி என் காதருகே குனிந்தாள்.

"அந்தக் கிழட்டு அரத்தை இன்னும் இருக்கா? குழம்புக்குத்தான்."

"இருக்கு. பேரம் பேசக் கூடாது."