வாழைக்குக் கட்டிய தாலி

"எங்க ஊர்ல கல்யாணம் ஆகாம செத்தா, வாழைக்கன்னுக்குத் தாலி கட்ட வச்சு, அதை வெட்டிட்டுத்தான் தூக்குவாங்க. எனக்கு அது வேணாம்டா. உன்கூட அஞ்சு வருசம் இருந்துட்டு ஒரு வாழைக்குப் புருசனா போவ முடியாது. நீ தடுக்கணும்."

பாடாலூர் டீக்கடையில் கேமராவைப் பார்த்துச் சுதர்சன் இதைச் சொன்னான். சிறுநீரகம் இரண்டும் போய்விட்ட அவன் வாரம் இரண்டு முறை குன்னத்திலிருந்து திருச்சிக்கு டயாலிசிஸுக்குப் போய்வந்தான். படமெடுக்கும் சாக்கில் அறிவரசனும் கூடவே போனான். பெரம்பலூரில் கல்யாண வீடியோ எடுப்பது அறிவரசனின் பிழைப்பு. சுதர்சனைப் பற்றிய இந்தப் படம்தான் அவனுடைய முதல் சொந்தப் படம்.

"தடுத்தா நீ யாருன்னு கேப்பாங்களே."

"சொல்லு."

"சரி."

"சும்மா தலையாட்டாத. சத்தியமா சொல்லு."

"சத்தியமா."

நாலு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சுதர்சனின் தங்கை மஞ்சு போன் செய்தாள். அறிவரசன் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் ஐஸ் பெட்டி வைத்திருந்தார்கள். சுதர்சனின் அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் சிநேகிதன் ஏமாத்திட்டுப் போயிட்டான் தம்பி" என்றார்.

தாய்மாமன் கண்ணையன் கேமராப் பையைப் பார்த்தார். "இவன் அண்ணனுக்கு சிங்கப்பூர்ல லீவு கெடைக்கல. ஒண்ணு விடாம எடுத்து அவனுக்கு அனுப்பிடு தம்பி."

அறிவரசன் கேமராவை எடுத்தான். அது முகத்துக்கு முன்னால் இருந்தவரை யாரும் அவன் கண்களைப் பார்க்கவில்லை.

மதியம் வாழைக்கன்று வந்தது. மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் காட்டில் வாழை ஏது? டவுனிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்தார்கள்.

"பொண்ணு வெளியூரு போலருக்கு" என்றார் ஒருவர்.

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருய்யா" என்ற இன்னொருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றைச் சுதர்சனின் விரல்களுக்குள் வைத்து எடுத்தார் கண்ணையன். கன்றின் பக்கம் திரும்பினார். இதுதான் நேரம் என்று அறிவரசனுக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தான். ஃபிரேமில் கண்ணையனின் முதுகு சுதர்சனின் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது.

"மாமா, கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிக்குங்க. தாலியத் தூக்கிப் புடிச்சுக் கட்டுங்க."

எத்தனையோ மண்டபங்களில் சொல்லிப் பழகிய வார்த்தைகள். கண்ணையன் மறுபேச்சில்லாமல் நகர்ந்து, கயிற்றை உயர்த்திக் காட்டிவிட்டுக் கட்டினார். ஒருவன் அரிவாளை ஓங்கிக் கன்றை ஒரே வெட்டில் சாய்த்தான். அதையும் அறிவரசன் எடுத்தான்.

எல்லாம் முடிந்து அவன் வண்டியில் டிரைபாடைக் கட்டிக்கொண்டிருந்தபோது மஞ்சு வந்தாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"அண்ணன் ஆடி மாசமே எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிருச்சு. ஒங்களப் பத்தியும், வாழை வேணாம்னு சொன்னதையும்."

அறிவரசன் கயிற்றை விட்டுவிட்டான். "அப்பறம் நீ ஏன் தடுக்கல?"

"நான் சொன்னா சின்னப் பொண்ணு ஒளறுதுன்னு உள்ள தள்ளிடுவாங்க. நீங்க ஆரம்பிச்சா பக்கத்துல வந்து நிக்கலாம்னு பந்தக்கால் கிட்டயே நின்னுக்கிட்டிருந்தேன். நீங்க வாயத் தொறந்தப்ப ஒரு அடி எடுத்துகூட வச்சிட்டேன்."

அறிவரசன் குனிந்து, விட்ட கயிற்றை எடுத்து டிரைபாடை மறுபடி கட்டினான்.

"வீடியோ நல்லா வந்துருக்கும்" என்றாள் மஞ்சு. "பெரியண்ணனுக்கு அனுப்பிடுங்க. அம்மா கேக்கச் சொல்லுச்சு."

"இன்னிக்கே அனுப்பிடறேன்" என்றான் அறிவரசன்.